மயில் வாத்தியாரின் தகுதித் தேர்வு

“‘எங்க பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இந்த வாத்தியாருக்கு என்ன தகுதி இருக்கு?’ இப்படித்தானே கேட்டீங்க? ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல! இதைத்தானே குளக்கரை முழுக்கச் சொல்லிட்டுத் திரியறீங்க?”

மயில் வாத்தியார் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தினார். எதிரே நின்ற கௌதாரி செம்பி ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

“ஆமா, கேட்டேன். இப்பவும் கேக்கறேன். என்ன தகுதி இருக்கு?”

“என் தோகையைப் பார்த்துமா கேக்கறீங்க?”

“தோகையைப் பார்த்ததாலதான் கேக்கறேன்! வல்லூறு வந்தா என் பொண்ணு தோகையை விரிச்சா தப்பிப்பா?”

பக்கத்தில் நின்ற காடையம்மா சிரித்துவிட்டாள். உடனே அலகை மூடிக்கொண்டாள். அவளுடைய குஞ்சுகளும் அதே பள்ளியில்தான் படித்தன. வாத்தியாரைப் பகைத்துக்கொண்டு யார் குடும்பம் நடத்துவது?

அது அல்லிக்குளத்துக் கரையில் இருந்த அரசுப் பள்ளி. தரையில் வாழும் பறவைகள் எல்லாம் தங்கள் குஞ்சுகளை அங்கே அனுப்பியே ஆகவேண்டும். அனுப்பாத குடும்பம் அந்தக் கரையில் மேயக்கூடாது. காட்டு அரசின் சட்டம் அப்படி.

பள்ளியில் படிக்க வேண்டிய பாடமோ ரொம்பச் சின்னது. ‘கீ...’ என்று நீளமாக ஒரு குரல் வந்தால் மேலே வல்லூறு வருகிறது என்று பொருள். அசையாமல் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். காய்ந்த புல்லும் குஞ்சும் ஒரே நிறம். வல்லூறின் கண்ணுக்குத் தெரியாது. ‘டக், டக்’ என்று வெட்டி வெட்டி வந்தால் பாம்பு. அப்போது படுக்கக்கூடாது, பறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மாற்றிச் செய்தால் செத்தோம்.

இந்தச் சின்னப் பாடத்தைத்தான் மயில் வாத்தியார் நடத்தவே இல்லை. காலையில் வருவார். “வ...ணக்...கம் ஐ...யா...” என்று குஞ்சுகள் ராகம் போடும். பிறகு தன் தோகையில் எத்தனை கண் இருக்கிறது என்று அவற்றை எண்ணச் சொல்லிவிட்டுத் தூங்குவார். ஆண்மயில் என்றைக்காவது குஞ்சை வளர்த்திருக்கிறதா? அந்த வேலையெல்லாம் பெண்மயிலின் தலையில். அப்படியிருக்க அவர் எப்படி வாத்தியார் ஆனார்? மேலிடத்துக்கு அவர் ஆட்டம் பிடித்திருந்தது. ஆனார்!

குன்றின் மேல் ஒரு வல்லூறு கூடு கட்டியிருப்பது தெரிந்த நாளிலிருந்து செம்பிக்குத் தொண்டையில் இரை இறங்கவில்லை. அவளுக்கு இருந்ததே பொட்டு என்ற ஒரே ஒரு குஞ்சு.

அந்த நேரத்தில்தான் குரங்கு மரத்துக்கு மரம் தாவி அறிவித்தது.

“எல்லாரும் கேட்டுக்குங்க! அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிற ஒவ்வோர் ஆசிரியரும் கல்வி அதிகாரி முன்னால் தன் தகுதியை நிரூபிக்க வேண்டும்! நிரூபிக்காதவர் பாடம் நடத்தக்கூடாது!”

செம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“பார்த்தியா காடையம்மா! கடைசியில அரசாங்கத்துக்கும் புத்தி வந்துடுச்சு!”

“எனக்கென்னமோ பயமா இருக்கு அக்கா,” என்றாள் காடையம்மா. “நேத்து வரைக்கும் தூங்கின வாத்தியார், இன்னிக்கு விடிஞ்சதுலேர்ந்து பாடம் நடத்தறாரே!”

உண்மைதான். அன்று குஞ்சுகள் களைத்துப்போய் வீடு திரும்பின. பொட்டு மட்டும் துள்ளிக்கொண்டு வந்தாள்.

“அம்மா! நான் இடதும்மா!”

“என்னடி இடது?”

“அதிகாரி ‘கீ’ன்னு குரல் கொடுத்துக் கேள்வி கேப்பாங்க. உடனே எல்லாரும் எழுந்து நின்னு சிறகைத் தூக்கணும். பதில் தெரிஞ்சவங்க வலது சிறகு. தெரியாதவங்க இடது சிறகு. சார் வலதைத் தூக்கினவங்களை மட்டும் பதில் சொல்லச் சொல்வார். நான் இடது! காலையிலேர்ந்து பழகிட்டே இருக்கோம். நான்தான் எல்லாரையும் விட வேகமா தூக்கறேன்னு சார் பாராட்டினார்!”

செம்பி அவளை அருகே இழுத்தாள்.

“தெரியாதுங்கறதுக்கு உன்னைப் பாராட்டினாரா? சரி, அந்தக் குரல் கேட்டா எப்படிப் படுக்கணும்னு சொல்லிக்கொடுத்தாரா?”

“அது தேர்வுக்கு வராதும்மா.”

“பொட்டு! அந்தச் சிறகை எல்லாம் மறந்துடு. இங்க பாரு, அம்மா குரல் கொடுக்கறேன். நீ அப்படியே மண்ணோட மண்ணா...”

“போம்மா! சார் நிக்கச் சொல்லியிருக்கார். நீ படுக்கச் சொல்றே. உனக்கு ஒண்ணும் தெரியாது!”

வீட்டில் அம்மா தொண்டை கிழியக் கத்துவதை எந்தப் பிள்ளை காதில் வாங்கியிருக்கிறது? சார் சொன்னால் சொன்னதுதான்!

தேர்வு நாள் வந்தது. கல்வி அதிகாரியான எருமை மேடமும் வந்தார். வந்தவர் முதல் வேலையாகக் குளத்தில் இறங்கினார்.

“வெயில் தாங்கல. நான் இங்கிருந்தே பார்த்துக்கறேன். ஆரம்பிக்கலாம்!”

தண்ணீருக்கு மேலே இரண்டு கொம்பும் மூக்கும் மட்டும் தெரிந்தன. கரையிலோ புல் உயரமாக வளர்ந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் குஞ்சுகளே தெரியாது. இதுவா சோதனை!

மேடம், “கீ...!” என்று குரல் கொடுத்தார். “இது எதற்கான குரல்? தெரிந்தவர்கள் சிறகைத் தூக்குங்கள்!”

புல்லுக்கு மேலே சர்ரென்று சிறகுகள் எழுந்தன. ஒன்றுகூடப் பாக்கி இல்லை!

“அடேயப்பா! எல்லாருக்குமே தெரிந்திருக்கிறதே!”

மயில் வாத்தியார் பணிவாகக் குனிந்து வலது சிறகு ஒன்றைத் தொட்டார். அந்தக் குஞ்சு, “வல்லூறு ஐயா!” என்று கத்தியது.

“பிரமாதம்! தகுதி நிரூபிக்கப்பட்டது!”

குரங்கு ஓடிவந்து வாத்தியார் கழுத்தில் அல்லி மாலையைப் போட்டது. செம்பி தண்ணீர் ஓரத்துக்குப் பறந்து போனாள்.

“மேடம், கொஞ்சம் கரைக்கு வாங்க! என் பொண்ணு தூக்கினது இடது சிறகு! தெரியாதவங்க எல்லாம் இடது! இது வாத்தியார் செஞ்ச ஏற்பாடு!”

“சிறகைத் தூக்கினாளா இல்லையா?”

“தூக்கினா. ஆனா...”

“எந்தச் சிறகைத் தூக்கணும்னு விதியில் இருக்கிறதா?”

“விதியில இல்லைங்க. ஆனா அவளுக்குப் படுக்கத் தெரியாது! ஒரே ஒரு தடவை படுக்கச் சொல்லிப் பாருங்க!”

“இதோ பாரம்மா. நான் சோதிக்க வந்தது ஆசிரியரை. உன் பொண்ணை இல்லை.”

மயில் வாத்தியார் தோகையை உதறினார். “நல்லாக் கேளுங்க மேடம்! சில அம்மாக்களுக்கு இதே வேலையாப் போச்சு!”

செம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே உறைந்துபோனாள். தண்ணீரின் மேல் ஒரு நிழல் ஓடியது.

“கீ...!” என்று அலறினாள் செம்பி. “வல்லூறு! படுங்க! எல்லாரும் படுங்க! கீ...!”

குரல் கேட்டதும் குஞ்சுகள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அத்தனையும் எழுந்து நின்றன. அத்தனையும் சிறகைத் தூக்கின.

“ஆஹா, என்ன ஒழுங்கு!” என்றார் எருமை மேடம். “நான் கேட்காமலேயே தூக்குகிறார்களே!”

எல்லோருக்கும் முன்னால் தூக்கியவள் பொட்டு. அவள் சிறகு எல்லோருடையதையும் விட உயரமாக, விறைப்பாக, வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

செம்பி பறந்தாள். வல்லூறு அவளைவிட வேகமாக இறங்கியது.

ஒரு பெரிய காற்று வந்து புல்லை அமுக்கிவிட்டுப் போனது போல இருந்தது. புல் நிமிர்ந்தபோது, முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

மற்ற குஞ்சுகள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தன. தூக்கிய சிறகை இறக்கலாம் என்று யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லையே! காடையம்மா ஓடிப்போய், தன் குஞ்சுகளை அலகால் தட்டித் தட்டித் தரையில் அழுத்தினாள். அவை மறுபடி மறுபடி எழுந்து நின்றன.

மயில் வாத்தியாரைக் காணோம். நிழலைக் கண்ட மறுகணமே முள்புதருக்குள் புகுந்து, தலையைத் தாழ்த்தி, அசையாமல் படுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருந்தது!

செம்பி அழவில்லை. அந்தக் காலி இடத்தில் நின்றபடி குன்றைப் பார்த்தாள். பிறகு குளத்தைப் பார்த்தாள்.

“மேடம், வல்லூறு திரும்பி வரும். என் பொண்ணு போயிட்டா. மிச்சக் குஞ்சுகள் இருக்கு. கரைக்கு வந்து, இவங்களுக்குப் படுக்கத் தெரியுதான்னு ஒரு தடவை பாருங்க.”

எருமை மேடம் மூக்கைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டார். குளத்தில் சில குமிழிகள் வந்து உடைந்தன.

ஆசிரியரின் தகுதியைப் பிள்ளைக்குத் தெரிந்ததை வைத்து அளக்காமல் அதிகாரிக்குக் காட்டியதை வைத்து அளந்தால், தோற்றுப்போவது பிள்ளை மட்டும்தான்.