வாகை நெற்றுக் கொடி

மேகங்கள் கீழே இறங்கி வந்து புல்லின் மேல் படுத்துக்கொள்ளும் ஒரு காட்டில், நெடுவாலன் என்றொரு மலை அணில் வாழ்ந்து வந்தது. எதைப் பார்த்தாலும் அதைக்கொண்டு வேறு எதையாவது செய்து பார்க்கத் துடிக்கும் அணில் அது.

அந்தக் காட்டின் நடுவே ஒரு புல்வெளி இருந்தது. கிழக்கே நாவல் மரங்கள். மேற்கே மூங்கில் புதர். வடக்கே பாறைகளுக்கு இடையில் ஓடும் ஓடை. தெற்கே வானத்தைத் தொட்டு நின்ற வாகை மரங்கள். அவற்றில் மிக உயர்ந்த மரத்தின் உச்சியில்தான் நெடுவாலனின் கூடு இருந்தது.

புல்வெளியில் புள்ளிமான்கள் மேய்ந்தன. நாவல் மரங்களில் கருமுகி என்ற மந்தியின் கூட்டம் இருந்தது. மந்திகளுக்குக் கூர்மையான கண். மான்களுக்குக் கூர்மையான மூக்கு. சிறுத்தை வருவதைக் கண்டால் மந்திகள், "கக்! கக்!" என்று கத்தும். மந்திகள் தரைக்கு இறங்கி வந்தால், மான்கள் காற்றை முகர்ந்து பார்த்துக் காவல் நிற்கும்.

ஆனால் மூடுபனி நாட்களில் மந்திகளின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு வெள்ளைக் காலையில், பிறந்து பத்தே நாளான மான்குட்டி ஒன்றைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது.

தாய்மான் புல்வெளியைச் சுற்றிச் சுற்றி வந்தது. மரத்தின் மேலிருந்து அதைப் பார்த்த நெடுவாலனுக்கு அன்று பழம் இறங்கவில்லை.

'கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன? காதுக்குத் தெரிந்தால் போதுமே!' என்று அது நினைத்தது.

அப்போது காற்று வீசியது. கிளைகளில் காய்ந்து தொங்கிய வாகை நெற்றுகள் கலகலவென்று ஆடின. நெடுவாலன் துள்ளி எழுந்தது.

அன்றே வேலையைத் தொடங்கியது. மெல்லிய கொடிகளைப் பல்லால் கடித்து எடுத்தது. புல்வெளியின் நான்கு பக்கமும், மானின் முழங்கால் உயரத்தில், செடிக்குச் செடி இழுத்துக் கட்டியது. ஒவ்வொரு கொடியிலும் காய்ந்த நெற்றுகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டது. பன்னிரண்டு நாட்கள் பிடித்தன. முன்கால்கள் இரண்டும் புண்ணாகிவிட்டன.

"யாராவது கொடியை மிதித்தால் நெற்று ஒலிக்கும். எந்தப் பக்கம் ஒலிக்கிறதோ, அந்தப் பக்கம் ஆபத்து!" என்று அது மான்களிடம் சொன்னது.

மூன்றாம் நாளே கொடிக்குச் சோதனை வந்தது. பனிக்குள் பதுங்கி வந்த சிறுத்தையின் கால் வடக்குக் கொடியில் பட்டது. நெற்றுகள் கலகலத்தன. மான்கள் தெற்கே பாய்ந்து தப்பின. சிறுத்தை வெறும் வாயோடு திரும்பியது.

மான்களின் தலைவன் கவைக்கொம்பன் வாகை மரத்தடிக்கே வந்துவிட்டது. "தம்பி நெடுவாலா, எங்கள் உயிரையே காப்பாற்றிக் கொடுத்துவிட்டாய்!"

நெடுவாலனுக்கு வால் இரண்டு மடங்காகப் புசுபுசுத்தது.

அதன் பிறகு அந்தப் புல்வெளியில் காலம் மெதுவாக நகர்ந்தது. இளங்காற்று வீசும்போது நெற்றுகள் மெல்ல முணுமுணுக்கும். ஆபத்து ஒலி வேறு, இந்த முணுமுணுப்பு வேறு என்று மான்களுக்குப் பழகிவிட்டது. தாலாட்டுக் கேட்பதுபோல அவை கண்களைச் செருகிக்கொண்டு மேய்ந்தன. பனி வந்து அவற்றின் முதுகில் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டது. தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை.

ஒரு நாள் மந்திகள் ஓடையில் நீர் குடிக்க இறங்கின. பாறை இடுக்கில் மலைப்பாம்பு ஒன்று கிடந்தது. மான்கள் பக்கத்திலேயே நின்றும் அதை முகர்ந்து உணரவில்லை. கருமுகியின் தங்கை மயிரிழையில் தப்பியது.

"நாங்கள் இறங்கும்போது காவல் நிற்பது உங்கள் வேலை அல்லவா?" என்று கருமுகி கேட்டது.

கவைக்கொம்பன் சோம்பலாகக் கொம்பை ஆட்டியது. "நீங்கள் எங்களுக்குக் காவல் இருந்தீர்கள், நாங்கள் உங்களுக்கு இருந்தோம். இப்போது எங்களுக்குக் கொடி இருக்கிறது. இனி அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ளலாமே!"

மறுநாள் நாவல் மரங்கள் காலியாகக் கிடந்தன. மந்திக் கூட்டம் தொலைவில் இருந்த மலைமுகட்டுக்குப் போய்விட்டது.

நெடுவாலனுக்கு மனத்தின் மூலையில் ஏதோ உறுத்தியது. ஆனால் அன்று மாலையே ஒரு விருந்தாளி வந்ததால், அந்த உறுத்தல் மறந்துபோனது.

வந்தது நரி. மரத்தடியில் அமர்ந்து, கழுத்தை வளைத்து மேலே பார்த்தது.

"தம்பி, காடு முழுக்க உன் பேச்சாகத்தான் இருக்கிறது. எனக்கு மந்த புத்தி. அந்தக் கொடி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லேன்."

தன் வேலையைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த நெடுவாலன், நான்கு கிளை கீழே இறங்கி வந்தது.

"நான்கு பக்கத்துக்கும் நான்கு கொடி. ஒன்றோடொன்று சேராது. அதனால் எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரியும்."

"அடடா! ஒலித்ததும் மான்கள் என்ன செய்யும்?"

"எதிர்ப்பக்கம் ஓடும்."

"எப்போதுமா?"

"எப்போதும்! நின்று பார்ப்பதே கிடையாது. அவ்வளவு நம்பிக்கை!" என்றது நெடுவாலன் பெருமையாக.

"கெட்டிக்காரன் என்றால் நீதான்," என்று சொல்லிவிட்டு நரி எழுந்து போனது. போகும்போது அதன் காலில் ஓர் அவசரம் இருந்தது. நெடுவாலன் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காடே பாலுக்குள் மூழ்கியது போல ஒரு காலை விடிந்தது. மரங்களின் உச்சி மட்டும் தீவுகளைப்போல வெளியே தெரிந்தது. நெடுவாலன் தன் கூட்டு வாசலில் அமர்ந்து, கீழே மிதக்கும் வெண்மையைக் கனவு காண்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

திடீரென்று கிழக்குக் கொடி ஒலித்தது. பனிக்கு அடியில் குளம்புகளின் சத்தம் மேற்கே திரும்பியது.

நெடுவாலன் கிழக்கே பார்த்தது. பனி கிழிந்த ஓர் இடைவெளியில், கொடியின் மேல் காலை வைத்து நின்றது நரி! அது எங்கும் ஓடவில்லை. யாரையும் துரத்தவில்லை. சும்மா மிதித்துக்கொண்டிருந்தது.

நெடுவாலன் சட்டென்று மேற்கே திரும்பியது. காற்றே இல்லை. ஆனால் ஒரு மூங்கில் முனை மட்டும் அசைந்தது.

நரி மான்களைச் சிறுத்தையிடமே விரட்டுகிறது என்று அதற்குப் புரிந்தது. 'ஐயோ, நான்தானே சொன்னேன்!'

"நில்லுங்கள்! மேற்கே போகாதீர்கள்!" என்று அது கத்தியது. அணிலின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? பனி அதை விழுங்கிவிட்டது.

நெடுவாலன் பாய்ந்தது. கிளைக்குக் கிளை, மரத்துக்கு மரம், பிடி நழுவி, மீண்டும் பிடித்து, மேற்கு ஓரத்து மரத்திலிருந்து தலைகீழாக இறங்கியது. மேற்குக் கொடியை வாயால் கவ்வி, உடம்பையே தூக்கி எறிவதுபோல உலுக்கியது.

கலகல! கலகல!

மான்கூட்டம் பாதி வழியில் தடுமாறி நின்றது.

"இரண்டு பக்கமும் ஒலிக்கிறதே! எங்கே ஓடுவது?" என்று ஒரு பெண்மான் அலறியது.

"முதலில் ஒலித்தது கிழக்குதான்!" என்றது கவைக்கொம்பன். "கொடி பொய் சொல்லாது. என் பின்னால் வாருங்கள்!"

அது ஒரே தாவலில் மேற்குக் கொடியைத் தாண்டியது. மூங்கில்கள் படபடவென்று முறிந்தன. கவைக்கொம்பனின் குரல் ஒரே ஒரு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மற்ற மான்கள், வெகு நாட்களுக்குப் பிறகு, மூக்கை உயர்த்தின. சிறுத்தையின் வாடை முகத்தில் அறைந்தது. வடக்கே திரும்பி, ஓடையைக் கடந்து, அத்தனையும் தப்பிவிட்டன.

நெடுவாலன் அங்கேயே கொடியின் மேல் நெடுநேரம் தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிப் பனி கலைந்த பிறகு, மான்களைத் தேடிப் போய்ப் பேசிவிட்டு, மலைமுகட்டை நோக்கிப் புறப்பட்டது.

கருமுகி ஓர் அத்திக்கிளையில் அமர்ந்திருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டது.

"அக்கா, நீங்கள் திரும்பி வர வேண்டும்," என்றது நெடுவாலன்.

"எங்களை வேண்டாம் என்றவை மான்கள். அழைக்க நீ ஏன் வருகிறாய்?"

"கொடியைக் கட்டியது நான். அதை ஏமாற்றும் வழியை நரிக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான். நீங்கள் போனபோது வாய் திறக்காமல் இருந்ததும் நான்தான்."

கருமுகி அதன் கண்களை உற்றுப் பார்த்தது. "கொடியை அறுத்துவிட்டாயா?"

"இல்லை, அக்கா. பனியில் உங்கள் கண்ணுக்குத் தெரியாததை அது சொல்லும். ஆனால் யாரோ மிதித்தார்கள் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். மிதித்தது யார், ஏன் மிதித்தார்கள் என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க உங்கள் கண் வேண்டும். மான்களின் மூக்கும் வேண்டும்."

"மான்கள் இதற்கு ஒப்புக்கொள்ளுமா?"

"மலையடிவாரத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. மேலே வந்து உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகின்றன."

கருமுகி நெடுமூச்சு விட்டது. பிறகு தன் கூட்டத்தைப் பார்த்து, "கிளம்புங்கள்!" என்றது.

பல நாட்கள் சென்றன. மீண்டும் ஒரு பனிக்காலையில் கிழக்குக் கொடி கலகலத்தது.

ஒரு மானும் ஓடவில்லை. எல்லாத் தலைகளும் உயர்ந்தன. எல்லா மூக்குகளும் காற்றைத் தேடின. கருமுகி நாவல் மரத்தின் அடிக்கிளைவரை இறங்கிப் பார்த்தது.

"நரிதான்!" என்று குரல் கொடுத்தது.

"மேற்கே சிறுத்தையின் வாடை!" என்றது முதலில் முகர்ந்த பெண்மான்.

மான்கள் பதறாமல் வரிசையாக வடக்கே நடந்து, ஓடைக்கு அப்பால் பனிக்குள் மெல்லக் கரைந்து மறைந்தன. மூங்கில் புதருக்குள் காத்துக் காத்துச் சலித்த சிறுத்தை, எழுந்து தன் வழியே போய்விட்டது.

அது போனது தெரியாமல், நரி மட்டும் உச்சிவெயில் வரை கொடியை மிதித்துக்கொண்டே இருந்தது.

நீதி: கருவி எவ்வளவு உதவினாலும், விழிப்பையும் துணையையும் கைவிடக் கூடாது.