வண்டிக்கு வைத்த பித்தளை வாய்

ஒரே ஒரு சீமை. அந்தச் சீமைக்கு ஒரே ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு ஒரே ஒரு மோட்டார் வண்டி. சீமையின் பேர் செங்கடம்பூர். ராஜாவின் பேர் மகுடபூபதி. வண்டிக்குப் பேர் கிடையாது. வண்டி வருகிறது என்றாலே எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

அந்த வண்டி சேவற்குன்று மேட்டில் மட்டும் முனகிக்கொண்டே ஏறும். ஒருநாள் பக்கத்து ஜமீன்தார் அதே மேட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போய்விட்டார். ராஜா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் நாள், ராணியின் தம்பி சிங்கத்துரை பட்டணத்திலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்தார். முழுக்கப் பித்தளை. முன்பக்கம் அண்டா வாய் மாதிரி அகலம், பின்பக்கம் குழாய். தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

"அத்தான், இது காற்றுவாய். பானட்டின் மேலே வைத்து எஞ்சினோடு சேர்த்துவிட வேண்டியது. வண்டி ஓட ஓட எதிர்க்காற்று இதற்குள் பாய்ந்து எஞ்சினுக்குள் போய் முட்டும். எஞ்சினுக்கு நெஞ்சு விரியும். பிறகு பாருங்கள்!"

மாட்டினார்கள். ராஜா கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, குன்று ஏற எத்தனை நிமிஷம் என்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எட்டே நிமிஷம்! பறந்தது மச்சான், பறந்தது!"

சபையே கை தட்டியது. டிரைவர் காசிம் ராவுத்தர் மட்டும் துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன காசிம், பேச்சையே காணோம்?"

"முன்னேயும் இதே வேகந்தான் மகாராஜா."

"முன்னே நீர் கடிகாரம் பார்த்தீரா?" என்றார் சிங்கத்துரை.

"இல்லீங்க."

"பின்னே எப்படித் தெரியும்?"

"காலுக்குத் தெரியுமுங்க."

ராஜாவின் முகம் மாறிப்போயிற்று. "அப்படியானால், பறந்தது என்று நான் சொன்னது பொய்யா?"

ராவுத்தர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் கார்த்திகை. மலைக்கோயிலுக்கு நீதான் ஓட்டுகிறாய். எட்டு நிமிஷத்துக்குள் ஏறிவிட்டால் காற்றுவாய் மெய். சாவியைக் கொடுத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போ. இருபது வருஷம் ஓட்டியது போதும்."

சபையில் திருமேனிப் பிள்ளை இருந்தார். அரண்மனைக் கடிதங்களெல்லாம் எழுதுகிறவர். மெதுவாக எழுந்து சிங்கத்துரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சின்னத்துரைக்கு ஒரு விண்ணப்பம். இந்த வாய் இல்லாவிட்டால் குன்று ஏற எத்தனை நிமிஷம் ஆகும்?"

"பத்துக்குக் குறையாது. வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளும்!"

எழுதுவதுதானே பிள்ளையின் வேலை. எழுதி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வண்டிக் கொட்டகைக்குப் போனார்.

"ஏன் ராவுத்தரே, காற்று முட்டினால் எஞ்சினுக்குப் பலம் கூடாதா?"

"கூடும் அய்யா. வண்டி நூறு மைல் வேகத்துக்கு மேலே போனா ஒரு சிட்டிகை கூடும். நம்ம வண்டி மேட்டுல இருபது மைல். அந்தக் காத்து எஞ்சினுக்கு எந்த மூலைக்கு?"

"நாளைக்குக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் உம்ம வேலை தப்பிக்குமே?"

"அது என்னால ஆகாதுங்க."

"ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன். அந்த ஸ்பானரை எடும்."

செங்கடம்பூரில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகையன்று அரண்மனைக்கு வெளியே ராஜா மலைக்கோயில் சுவாமியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆகவே பூஜை அறை வாசலிலிருந்து வண்டிக் கதவு வரைக்கும் இரண்டு பக்கமும் பட்டுத்திரை பிடிப்பார்கள். வண்டிக்குள்ளும் பின் இருக்கையைச் சுற்றி நாலு பக்கமும் திரை. உச்சியில் வண்டியிலிருந்து சந்நிதி வரைக்கும் அதே திரை. துணைக்கு வருகிறவருக்கும் அதே விதிதான். தன் கடிகாரத்தைத் தவிர ராஜா வேறெதையும் பார்க்க முடியாது.

மறுநாள் காலை ராஜாவும் சிங்கத்துரையும் திரைக்குள் உட்கார்ந்தார்கள். முன்னால் ராவுத்தர், பக்கத்தில் பிள்ளை. அடிவாரம் வந்ததற்கு அடையாளமாக ஒரு கொட்டுச் சத்தம். ராஜா கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி ஏறியது.

"காற்று முட்டுகிறது, கேட்கிறதா அத்தான்?"

"நன்றாகக் கேட்கிறது மச்சான்!"

உச்சியில் இன்னொரு கொட்டுச் சத்தம்.

"ஏழே முக்கால்!" என்று திரைக்குள்ளிருந்து ராஜா கூவினார். "நேற்றைவிடக் கால் நிமிஷம் குறைவு!"

"வாய் பழகிக்கொண்டு வருகிறது அத்தான்!"

ராவுத்தர் சாவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சுவாமி தரிசனம் முடிந்தது. திரையை விலக்கினார்கள். ராஜா விபூதியும் கையுமாக, காற்றுவாயைத் தட்டிக்கொடுக்கலாம் என்று வண்டியின் முன்பக்கம் போனார். அங்கே பானட் மட்டும் வெயிலில் மின்னியது.

"எங்கே?"

சிங்கத்துரை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிள்ளை கைகட்டிக்கொண்டு வந்தார்.

"அது அரண்மனைக் கொட்டகையில் சுவரோரமாகச் சாய்ந்திருக்கிறது மகாராஜா. நேற்று சாயங்காலத்திலிருந்தே அங்கேதான். சின்னத்துரை அதன் பெருமையைக் குறைத்துச் சொல்லிவிட்டார். வண்டியில் ஏறாமலே, அங்கிருந்தபடியே காற்றைப் பிடித்து நமக்கு அனுப்பியிருக்கிறது. வண்டியில் இருந்த அன்றைக்குத்தான் கால் நிமிஷம் கூடுதலாகிவிட்டது."

இடுப்பிலிருந்து ஓர் ஓலையை எடுத்தார். "வாய் இல்லாவிட்டால் பத்துக்குக் குறையாது. சின்னத்துரை வாக்கு. தேதி போட்டிருக்கிறேன்."

ராஜா கடிகாரத்தைப் பார்த்தார். பானட்டைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். முதலில் தொந்தி குலுங்கியது, அப்புறம்தான் சிரிப்பு வந்தது. குருக்கள் மணியோடு வெளியே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"காசிம், சாவியை நீயே வைத்துக்கொள். பிள்ளைக்கு என் கடிகாரம்." கழற்றிக் கொடுத்தே விட்டார். "அது கிடக்கட்டும். கால் நிமிஷம் எப்படிக் குறைந்தது?"

"பித்தளை கனம் மகாராஜா," என்றார் ராவுத்தர். "அதை இறக்கினோம், வண்டி லேசாச்சு. மேட்டுல அதுதான் கணக்கு."

"அப்படியானால் ஜமீன்தாரை முந்த என்ன செய்ய வேண்டும்?"

"இன்னும் கொஞ்சம் கனம் குறையணுமுங்க."

ராவுத்தர் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ராஜா மெதுவாகத் திரும்பி மச்சானைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சிங்கத்துரை செருப்பை மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். எதிர்க்காற்று முகத்தில் அடிக்க, குன்றிலிருந்து நடந்தே இறங்கிப் போனார்.