உப்புத்தாளின் பெயர்

மீனவர் சங்கத்தின் கிட்டங்கிக்கு ஒருநாள் ஓர் எஃகு ஏணி வந்து சேர்ந்தது. பட்டறையிலிருந்து நேராக வந்ததால் அதன் மேல் எந்தப் பூச்சும் இல்லை. நான்கு நாள் கழித்து அதைப் படகுத்துறைச் சுவரில் பொருத்துவார்கள். கடல் வற்றும் நேரத்தில் கூடை சுமந்த ஆட்கள் அதன் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும்.

ஏணிக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. "கடலுக்கா போகிறாய்? உப்பு உன்னைத் தின்றுவிடும்" என்று பட்டறையில் சுத்தியல் சொல்லி அனுப்பியிருந்தது.

எதிர் அலமாரியில் மூன்று பெயிண்ட் டப்பாக்கள் இருந்தன. "உங்களில் யார் என்னைக் காப்பாற்றுவீர்கள்?" என்று ஏணி கேட்டது.

"ஊரில் பாதி ஜன்னல்கள் என் தயவில் நிற்கின்றன" என்றது ரெட் ஆக்சைடு. "நான் விளம்பரம் தேடுவதில்லை."

"ஜன்னலும் கடலும் ஒன்றா?" என்றது ஜிங்க் பிரைமர். "துரு வந்தால் முதலில் நான் சாவேன். அதன் பிறகுதான் நீ."

"செத்தவர்களை யார் பார்க்கிறார்கள்?" என்றது நீல எனாமல். "கடைசியில் எல்லோர் கண்ணிலும் படப் போவது நான்."

மூன்று டப்பாக்களின் முதுகிலும் சிறிய எழுத்தில் ஒரே வரி அச்சாகியிருந்தது: துருவை முழுவதும் தேய்த்து நீக்கிய பின் பூசவும். மூன்றுமே முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தன.

மறுநாளும் விவாதம் நடந்தது. அதற்குள் ஏணியின் மூன்றாவது படியில் துரு வந்து உட்கார்ந்திருந்தது. மரியாதையான துரு. யார் பேசினாலும் தலையசைத்தது.

தரையில் கிடந்த ஒரு சொரசொரப்பான தாள் அப்போது வாய் திறந்தது. "முதலில் இந்தத் துருவை இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் வலிக்கும். பிறகு மூன்று பேரில் யார் வந்தாலும் சரி."

"நீ யார்?"

"உப்புத்தாள்."

ஏணி நடுங்கியது. டப்பாக்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"பெயரிலேயே இருக்கிறதே" என்றது எனாமல்.

"என்னிடம் உப்பே கிடையாது" என்றது தாள். "இருப்பது மணல். பெயரை நான் வைத்துக்கொள்ளவில்லை."

"எல்லா உப்பும் இப்படித்தான் சொல்லும்" என்றது ரெட் ஆக்சைடு. அது வேறு எந்த உப்போடும் பேசியதில்லை.

ஏணி காலை மெல்ல நகர்த்தி உப்புத்தாளைச் சாக்குக்கு அடியில் தள்ளியது. பிறகு நிம்மதியாக ஒப்பிடத் தொடங்கியது. மூன்றாவது நாளும் ஒப்பிட்டது.

நான்காம் நாள் பெயிண்டர் இன்னாசி வந்தார். படியைத் தடவி, விரலில் ஒட்டிய செந்தூளைப் பார்த்தார். கூடவே சங்கச் செயலாளர் கஸ்பார் நின்றார்.

"இங்கன ஒரு உப்புத்தாள் போட்டிருந்தேனே, பாத்தீயளா அண்ணாச்சி?"

"கடல்ல கிடக்க உப்பு பத்தாதுன்னு நீ வேற தேய்க்கப் போறியா?" கஸ்பார் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

"ஒரு மணி நேரந்தான். கடைக்குப் போயி வாங்கிட்டு வந்துருதேன்."

"நாளைக்குத் திறப்பு வே. மைக் செட்டுக்காரன் வந்து நிக்கான். மூணு டப்பா இருக்குல்லா? மூணையும் அடி. எல்லாம் அடங்கிரும்."

இன்னாசி விரலில் இருந்த செந்தூளைத் துடைத்தார். பிறகு பிரஷ்ஷை எடுத்தார். அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தார்.

ஜிங்க் துருவின் மேல் படுத்தது. "நான் எஃகைத் தொட்டால்தான் வேலை செய்வேன்" என்று அது முணுமுணுத்தபோது ரெட் ஆக்சைடு அதன் வாயை மூடியது. ரெட் ஆக்சைடின் வாயை எனாமல் மூடியது. எல்லாவற்றுக்கும் அடியில் துரு நன்றி சொன்னது. இனி அதற்குக் கூரை உண்டு.

திறப்பு விழாவில் எல்லோரும் நீல நிறத்தைப் பாராட்டினார்கள். ஏணி நெஞ்சு நிமிர்த்தி நின்றது.

இரண்டு மழைக்காலம் போனது. மூன்றாவது படியில் ஒரு கொப்புளம் கிளம்பியது. "அண்ணாச்சி, படி உப்பியிருக்கு" என்றார் இன்னாசி. "வெயிலுக்குப் பெயிண்ட் உப்பத்தான் செய்யும்" என்றார் கஸ்பார். அதை நிரூபித்துக் காட்ட அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். படி ஒடிந்தது. செயலாளர் இடுப்பளவு சேற்றில் நின்றார். கண்ணாடியைக் காணவில்லை.

"உப்புக் காத்து தின்னுட்டு வே" என்றார் கீழிருந்து.

"காத்து வெளிய இருந்துல்லா தின்னும்" என்றார் இன்னாசி, கையை நீட்டியபடி. "இது உள்ள இருந்து தின்னுருக்கு. கையப் பிடியும்."

ஏணியைக் கழற்றிக் கிட்டங்கிக்கு வெளியே எறிந்தார்கள். படியின் உள்ளே எஃகு இல்லை, தூள்தான் இருந்தது. நீலத்தோல் மட்டும் படியின் வடிவம் மாறாமல் நின்றது. "என் பளபளப்பைப் பாருங்கள், ஒரு பொட்டுக் குறையவில்லை" என்றது எனாமல்.

சாக்கைத் தூக்கிய யாரோ உப்புத்தாளைக் கண்டெடுத்து அலமாரியில் வைத்தார்கள்.

அடுத்த வாரம் புதிய ஏணி வந்தது. அதற்கும் பூச்சு இல்லை. அதுவும் உப்புக்குப் பயந்தது. முதலில் உப்புத்தாளின் பக்கம் திரும்பி, "உன் பெயர் என்ன?" என்று கேட்டது.

தாள் தன் பெயரைச் சொன்னது.

ஏணி அவசரமாகப் புது டப்பாக்களின் பக்கம் திரும்பிக்கொண்டது. அதன் மூன்றாவது படியில் அன்று காலையில்தான் வந்து உட்கார்ந்த துரு, மிகுந்த மரியாதையோடு சொன்னது:

"அவசரமே இல்லை. நன்றாக ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடு."