பதினாறாம் வாய்ப்பாடு

சங்கரவடிவு டீச்சருக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு.

குரு என்றால் காவி கட்டியவர் இல்லை. கரிசல் காட்டு ஊர் ஒன்றில் அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. பெயர் அமலி. அவர் அங்கே வந்த புதிதில், செல்போனில் வருகைப் பதிவு போடத் தெரியாமல் தவித்த சங்கரவடிவு டீச்சருக்கு இரண்டு நாள் கூடவே இருந்து சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து டீச்சர் அவரைக் "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். பாதி கிண்டல்தான். மீதிப் பாதி என்னவென்று அப்போது டீச்சருக்கே தெரியாது.

தலைமை ஆசிரியர் பதவி இரண்டு முறை தேடி வந்தும் வேண்டாம் என்றவர் சங்கரவடிவு டீச்சர். மீட்டிங் மீட்டிங் என்று அலைகிற நேரத்தில் நாலு பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தரலாம் என்பது அவர் கட்சி.

அவர் வாய்ப்பாடு சொல்லித் தருகிற விதமே தனி. அவருடைய மூன்றாம் வகுப்புக்குப் பத்தாம் வாய்ப்பாடு வரை வந்தாலே போதும். டீச்சர் பதினாறு வரை போவார். காலை பதினோரு மணிக்குப் பதினான்கு பிள்ளைகளும் எழுந்து நின்று தொண்டை கிழியச் சொல்வார்கள். பஸ் ஸ்டாப் வரை கேட்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பள்ளிக்கூடம் ஜோராக நடக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் டீச்சர் போர்டு பக்கத்தில் கண்ணை மூடி நிற்பார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அவர் சம்பாதித்த நல்ல பெயர் எல்லாம் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது.

ஜூன் மாதம் கௌசிகா வந்து சேர்ந்தாள்.

எட்டு வயது. எழுத்துக் கூட்டத் தெரியாது. ஒரு இடத்தில் பத்து நிமிஷம் இருக்க மாட்டாள். பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வருவாள், ஜன்னல் கம்பியை நக்கிப் பார்ப்பாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்காத ஒன்றைச் சொல்வாள். இதையெல்லாம் டீச்சர் ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டார். வாய்ப்பாடு ஆரம்பித்ததும் அவள் போடும் அலறலைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்த அபிநயாவின் கையைக் கடித்தும்விட்டாள். பல் பதிந்து ரத்தம் கட்டிப் போனது.

அவ்வளவுதான், ஊரில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். காற்றுக் கருப்பு என்றார் ஒருவர். அம்மாக்காரி விடிந்ததும் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்விட்டால் வளர்ப்பு எப்படி இருக்கும் என்றார் இன்னொருவர். நாலு சாத்து சாத்தினால் சரியாகும் என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஒட்டிக்கொள்ளும் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்களோ, மறுநாளிலிருந்து கௌசிகாவின் பெஞ்சில் ஒரு பிள்ளையும் உட்காரவில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

புதன்கிழமை அபிநயாவின் அம்மா தங்கமாரி ஒரு மனுவோடு வந்தார். பதினோரு பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் அந்தப் பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் பதினோரு பிள்ளைகளுக்கும் டி.சி. கொடுங்கள் என்று எழுதியிருந்தது.

விஷயம் சாயங்காலமே கௌசிகாவின் அம்மா பாண்டியம்மாள் காதுக்குப் போய்விட்டது. தீப்பெட்டி ஆபீஸ் முடிந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து வாசலில் நின்றார். சண்டை போடவில்லை.

"ஏற்கெனவே ரெண்டு பள்ளிக்கூடத்து டி.சி. வாங்கியாச்சு டீச்சர். இந்த பஸ் போற வழியில இனி வேற பள்ளிக்கூடம் கிடையாது. மூணாவதை நான் எங்க கொண்டுபோய்க் குடுக்க?"

 பள்ளிக்கூடம் இல்லையென்றால் அந்தப் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பாண்டியம்மாள் வேலைக்குப் போக வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும்.

பாண்டியம்மாள் போன பிறகு டீச்சர் அமலியின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"பதினோரு பிள்ளையா, ஒரு பிள்ளையா? என்ன பதில் சொல்லப் போறீங்க குருவே?"

அமலி மனுவை மடித்து வைத்தார்.

"அந்தப் பெஞ்ச் காலியாத்தான கெடக்கு?"

"ஆமா."

"சரி."

வியாழக்கிழமை காலை அமலி தன் ரிஜிஸ்டர்களைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கு வந்தார். கடைசிப் பெஞ்சில் கௌசிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் மேஜையில் இடித்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏதோ எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

டீச்சருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் தன் வகுப்பைச் சோதனை போட ஒரு ஆள் வந்து உட்காருவதா என்று நினைத்தார். பதினோரு மணிக்கு வேண்டுமென்றே இன்னும் உரக்கச் சொல்லச் சொன்னார். வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கம் போல அலறல் கேட்டது, கொஞ்சம் தாமதமாக.

மத்தியானம் சாப்பிடும்போது டீச்சரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பெஞ்சுல உக்காந்து என்ன செஞ்சீங்க?"

"பாடம் கவனிச்சேன்."

"என்ன புரிஞ்சுது?"

அமலி ஏதோ சொல்ல வந்தார். பிறகு தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"நாளைக்கு நீங்க அங்க உக்காருங்க டீச்சர். நான் போர்டுகிட்ட நிக்கேன்."

டீச்சருக்குக் கோபம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்திருப்பார். ராத்திரி முழுக்க, உட்கார முடியாது என்று சொல்வதற்கு நல்ல நல்ல வாக்கியமாக யோசித்து வைத்திருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை காலை வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஐம்பத்து நான்கு வயது, மூட்டு வலி, இருபத்தெட்டு வருஷம் நின்றே பழகிய உடம்பு. அதை மடக்கி, தான் பாடம் நடத்தும் பிள்ளைகள் பார்க்க, எட்டு வயதுக்காரி பக்கத்தில் உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும்?

உட்கார்ந்த பிறகுதான் தலைக்கு மேலே பார்த்தார். அது தகரக் கூரை போட்ட அறை. போர்டு பக்கம் உயர்ந்தும் கடைசிப் பெஞ்சு பக்கம் தணிந்தும் இருக்கும். எழுந்து கையை நீட்டினால் தகரம் கையில் படும்.

கௌசிகா வழக்கம் போல எழுந்தாள், சுற்றினாள், வந்தாள். டீச்சரின் வளையலை எண்ணினாள். பெஞ்சு விளிம்பில் விரலை ஓட்டினாள். பத்தே முக்கால் இருக்கும், விரல் நின்றது. அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. இருந்தும் தோள் இரண்டும் மெல்ல மெல்லக் காது வரை ஏறின. மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. இந்தப் பிள்ளை தினமும் கால் மணி நேரம் முன்னாலேயே பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதினோரு மணி. வகுப்பு லீடர் எழுந்தான். மற்றவர்களும் எழுந்தார்கள்.

கௌசிகா இடது கையால் தன் ஒரு காதைப் பொத்தினாள். வலது கையை நீட்டி டீச்சரின் காதைப் பொத்தினாள்.

"ஓர் பதினாறு பதினாறு!"

சத்தம் தகரத்தில் போய் மோதித் திரும்பி மண்டையில் இறங்கியது. போர்டு பக்கத்தில் நின்று இத்தனை காலம் கேட்ட சத்தம் இது இல்லவே இல்லை. டீச்சருக்குப் பல் கூசியது. பிள்ளையைப் பார்த்தார். அவளுடைய இன்னொரு காது திறந்து கிடந்தது. அதைப் பொத்த அவளிடம் கை இல்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து பதினாறு எண்பது வரை தாங்கினாள். பிறகு அலறினாள். அலறும்போதும் டீச்சர் காதில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நிறுத்துங்க," என்றார் டீச்சர்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதார். சர்வீஸில் முதல் தடவையாகப் பிள்ளைகள் முன்னால் அழுதார். அமலி போர்டைத் துடைப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை அந்தப் பதினோரு பெற்றோரும் வந்தார்கள். பாண்டியம்மாளும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றார். அமலி பேச எழுந்தார். அவரைக் கையமர்த்திவிட்டு சங்கரவடிவு டீச்சர் முன்னால் வந்தார்.

நடந்ததை எதையும் ஒளிக்காமல் சொன்னார். கடித்தது கௌசிகாவின் பல்தான், ஆனால் கடிக்க வைத்தது என் பாடம் என்றார். அபிநயாவிடம் நேற்றே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னார். டி.சி. கொடுத்தே தீர வேண்டுமென்றால் என் வாய்ப்பாட்டுக்குக் கொடுங்கள் என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தங்கமாரிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"சத்தம் இல்லாம என்ன பள்ளிக்கூடம் டீச்சர்? அந்தச் சத்தத்தை நம்பித்தான எங்க பிள்ளைகளை இங்க விட்டோம்?"

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஏழு பதினாறு எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டார். கௌசிகாவைக் கேட்கவில்லை. அன்றைக்குப் பரீட்சை அவளுக்கு இல்லை. மற்ற பதின்மூன்று பேரில் மூன்று பேர் நூற்றுப் பன்னிரண்டு என்றார்கள். மற்றவர்கள் விழித்தார்கள். அபிநயா தலையைக் குனிந்துகொண்டு, எல்லோரும் சொல்லும்போது தான் சும்மா வாயை அசைப்பதாகச் சொன்னாள். தங்கமாரி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சருக்கும் அது புதுச் செய்திதான். அவர் முகம் சுருங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். இருந்தாலும் கேள்வியைப் பாதியில் விடவில்லை, கடைசிப் பிள்ளை வரைக்கும் கேட்டு முடித்தார்.

பத்துப் பேர் மனுவில் தங்கள் கையெழுத்தை அடித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் தங்கமாரியும் ஒருவர். ஒருவர் மட்டும் கேட்கவில்லை, தன் மகனுக்கு டி.சி. வாங்கிக்கொண்டுதான் போனார். அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

பாண்டியம்மாள் நன்றி எதுவும் சொல்லவில்லை.

"நாளைக்கும் கூட்டிட்டு வரட்டா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

"நேரத்துக்கு வந்திரணும்," என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு இரண்டு இரண்டு பேராக, பேசுகிற குரலில் நடந்தது. கௌசிகா இன்னும் எழுத்துக் கூட்டவில்லை. இன்னும் பெஞ்சைச் சுற்றுகிறாள், ஜன்னல் கம்பியையும் விடவில்லை. யாரையும் கடிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள், என்ன பள்ளிக்கூடம் லீவா என்று கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வாரக் கடைசியில், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, டீச்சர் அமலியின் மேஜை முன்னால் வந்து நின்றார். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

"குருவே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க டீச்சர்."

"போன வாரம் வியாழக்கிழமை நீங்க உக்காந்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சத்தம்தான் காரணம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமையும் அந்தப் பிள்ளை அவதிப்பட்டுச்சு."

"பட்டுச்சு. அது என் மேலதான் தப்பு," என்றார் அமலி.

"அப்புறம் ஏன் சொல்லல?"

அமலி ரிஜிஸ்டரை மூடி வைத்தார்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னா நீங்க சத்தத்தை மட்டும் குறைச்சிருப்பீங்க டீச்சர். ஆனா என் காதையும் பொத்துன அவ கையை நான் எப்படிச் சொல்லிக் காட்ட?"