பூட்டிய வீட்டின் குரல்

தளவாய் வீட்டில் பேய் இருக்கிறது என்று கீழத்தெரு முழுக்க நம்பியது. அந்தப் பேய்க்கு நாக்கு நீளம் போலும். நாள் தவறாமல் உள்ளிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வரும்.

வாசலில் பெரிய பூட்டு. அதன்மேல் வரி வாங்கும் மணியக்காரரின் அரக்கு முத்திரை. ஆள் குடியில்லாத வீட்டுக்கு வரி கிடையாது என்பது அந்த ஊர் வழக்கம். வாசல் சாவியை மட்டும் மணியக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மகள் வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லி, தளவாய் கூடவே நின்று முத்திரை வைக்கச் செய்தார். அவர் கட்ட வேண்டிய வரி மற்ற வீடுகளின் தலையில் விழுந்தது. எதிர்வீட்டு மாடத்தி பால் கறக்கிற ஆட்டை விற்றுத்தான் அதைக் கட்டினாள்.

மடத்துக்காக அன்னப் பிச்சை வாங்கும் கோமதிநாயகத்துக்கு மட்டும் பேயின் முகம் தெரியும். ஒருநாள் தோப்பு வழியாக வந்தபோது, பின்வாசலில் சட்டியும் கையுமாகத் தளவாயே நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கண்டதை வெளியே விட்டுராதேயும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

வெயில் படாமல் வெளுத்துப்போன கை. ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது. கோமதிநாயகத்துக்கு அருவருப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்தவர் கோமதிநாயகம். மடத்தின் குரு உலகம்மாள் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த அம்மா முன்னால் நின்றால் கோமதிநாயகத்துக்குப் பேச்சு தடுமாறும்.

"அம்மா, ஒருத்தர் மறைச்சதை மணியக்காரர்கிட்ட போய்ச் சொன்னா, அது கோள்தானே?"

உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரை மறைச்சாரு?"

"வரியைத்தாம்மா மறைச்சாரு."

"நான் யாரைன்னு கேட்டேன், அண்ணாச்சி."

கோமதிநாயகத்துக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்கவும் பயம்.

அதன் பிறகு ஒருநாள் தாளிக்கும் வாசனை நின்றுபோனது. அதற்குப் பதிலாக முனகல் கேட்டது. தெருக்காரர்கள் பூட்டில் வேப்பிலை செருகினார்கள். பெண்கள் தண்ணீருக்கு வேறு வழியாகப் போனார்கள். கோமதிநாயகமும் அந்த வாசலில் நிற்காமல் தாண்டித்தான் நடந்தார். ஆளில்லாத வீட்டில் பிச்சைக்கு நிற்கக் கூடாது என்று மடத்தில் ஒரு விதி உண்டு. அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

மறுநாள் கோமதிநாயகம் பின்தொடர, உலகம்மாள் தாமே திருவோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உச்சி வெயில். தெருவில் காக்கை குருவி இல்லை. நேராகப் போய்ப் பூட்டிய வாசலில் நின்றார்.

"அம்மா, இது ஆளில்லாத வீடு."

உலகம்மாள் காதில் வாங்கவில்லை.

"அன்னமிடுங்க ஐயா!"

மறுபடியும் குரல் கொடுத்தார்.

உள்ளே எதுவோ தரையில் இழுபட்டு வந்தது. நின்று நின்று வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது.

"இங்க... யாரும் இல்ல."

கோமதிநாயகம் கதவில் காதை வைத்தார். தெரிந்த குரல்தான். ஆனால் உயிரோடு இருக்கும் மனிதர் பேசுவதாகத் தோன்றவில்லை.

"தளவாய் முதலாளி! என்ன ஆச்சு?"

"விழுந்துட்டேன்... காலு அசையலை. தண்ணி..."

கோமதிநாயகம் பின்பக்கம் ஓடினார். கதவுக்கு உள்ளே இரும்புப் பட்டை போட்டிருந்தது. விளக்கு வெளிச்சம் தெரியக் கூடாதென்று ஜன்னல்களைத் தளவாயே பலகை வைத்து அறைந்திருந்தார். ஆள் வைத்து இடித்தாலும் திறக்காது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"வாசல் சாவி மணியக்காரர்கிட்டதான் இருக்கு, அம்மா. உள்ளே ஆள் இருக்குன்னு யாராவது சாட்சி சொன்னாத்தான் முத்திரையை எடுப்பாரு."

உள்ளேயிருந்து நகம் கதவைப் பிராண்டியது.

"வேண்டாம்! சொல்லாதேயும்! மானம் போயிரும். நான் இங்க இல்ல... இல்லாமலே இருந்துட்டுப் போறேன்."

பிராண்டல் மெல்ல மெல்ல நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. அதுவும் விட்டு விட்டுக் கேட்டது.

கோமதிநாயகம் மணியக்காரரிடம் போகத் திரும்பினார். ஒரு காலைத் தெருவில் வைத்தார், எடுத்தார்.

"அம்மா, சொல்ல வேண்டாம்னு சொல்லுதாரே!"

உலகம்மாள் முத்திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"யாரு சொல்லுதா, அண்ணாச்சி?"

தளவாய் மறைத்தது தன்னையேதான் என்று கோமதிநாயகத்துக்கு இப்போது விளங்கியது. மணியக்காரர் வீட்டைப் பார்த்து ஓடினார்.