நத்தைக்குத்தி நாரையின் மூடாத அலகு

அந்தக் காலத்தில் பறவைகள் எல்லாம் பேசும். நத்தைக்குத்தி நாரையோ பேச்சை நிறுத்தவே நிறுத்தாது. ஏரிகள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்கு அதுதான் தலைமை அதிகாரி, கேட்க வேண்டுமா! ஓர் ஏரி வற்றினால் அதன் பறவைகள் இன்னோர் ஏரியில் குடிக்கலாம். ஆனால் அந்த ஏரியைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன பேசினார்களோ, அதைக் கரையில் நின்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டதே நாரைதான்.

ஒருநாள் பெரிய ஏரியில் விருந்து. மீன் தின்ற மப்பில் நாரை சொன்னது: "கோரைக்குட்டையெல்லாம் ஒரு நாடா? சேற்றை நக்கிப் பிழைக்கிற கூட்டம். போனால் போகிறதென்று கூட்டமைப்பில் சேர்த்து வைத்திருக்கிறோம்."

சபை கொல்லென்று சிரித்தது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. பெரிய ஏரி பாளம்பாளமாக வெடித்தது. கோரைக்குட்டையில் மட்டும் தண்ணீர் நின்றது. கூட்டில் நாரையின் குஞ்சுகள் கழுத்தைத் தூக்க முடியாமல் கிடந்தன. பெற்ற மனம் பதறாதா?

குட்டைக் கரையில் கொக்கு, "உங்க தண்ணி நாறும்னு சொன்னேன்," என்றது. இறங்கிக் குடித்தது. அடுத்து நாரை.

"சொல்லுங்க, அதிகாரி ஐயா," என்றது குட்டையின் தலைவி நாமக்கோழி.

"நல்ல ஊர் என்றுதான் சொன்னேன்."

"அது இல்லீங்க. விருந்துல சொன்னது."

"தெரிந்தால் நீயே சொல்லிக்கொள்."

"எங்களுக்குத் தெரியும். உங்க வாயால கேக்கணும். சொல்லிட்டு இறங்குங்க, யாரும் தடுக்க மாட்டோம்."

குட்டை முழுதும் நாரையையே பார்த்தது. சொல் நாரையின் தொண்டைவரை வந்துவிட்டது. தன்னிடம் குனிந்து நின்ற இவர்கள் முன்னாலா? மானம் பிடுங்கித் தின்றது. அலகை இறுக்கியது. சொல் உள்ளிருந்து முட்ட, இன்னும் இறுக்கியது. மளுக்கென்று அலகு நடுவில் வளைந்து சந்து விழுந்தது. அந்தச் சந்து வழியே குரலும் போயிற்று. இப்போது நாரை சொல்லத் துடித்தது. டக், டக்கென்று அலகுதான் தட்டியது.

நாமக்கோழி கரையோரம் நீந்தி வந்து, "உங்க குஞ்சுங்க எங்களை ஒண்ணும் சொல்லலையே. அதுங்களுக்கு எடுத்துட்டுப் போங்க," என்றது.

அலகில் மொண்டால் ஒழுகியது. தொண்டை நிறைய விழுங்கிக்கொண்டு பறந்து, குஞ்சுகளின் வாயில் கக்கியது நாரை. அவை பிழைத்தன.

அன்று முதல்தான் நத்தைக்குத்தி நாரை குரலில்லாமல் சேற்றில் தலை கவிழ்ந்து நத்தை பொறுக்குகிறது. அதன் அலகும் நடுவில் மூடுவதில்லை. யாரையும் பழித்தறியாத அதன் குஞ்சுகளுக்கு மட்டும் இன்றைக்கும் அலகு நன்றாக மூடுகிறது.