கல்லுமுனையின் முதல் அழைப்பு

தாசையன் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபது. குருவுக்கு நாற்பத்தொன்று.

குருவின் பெயர் புஷ்பலீலா. கல்லுமுனைப் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர். முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்ததால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். தாசையன் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் அளவுச் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் மைதானத்துக்கு வந்து நின்றார்.

"எனக்கு இந்த விளையாட்டப் படிக்கணும் டீச்சர்."

"விளையாடவா?"

"இல்ல. பாக்க."

டீச்சர் பந்து மூட்டையைத் தூக்கி அவர் தோளில் மாட்டினார். சேர்க்கை அத்தோடு முடிந்தது.

அன்று முதல் அணி வாங்கிய ஒவ்வொரு கோலையும் தாசையன் ஒரு நோட்டில் வரைந்து வைத்தார். பந்து எங்கிருந்து வந்தது, எத்தனை அடி தூரம், பக்கத்தில் நின்றது யார் என்று எல்லாம் இருக்கும். பழைய கை. கோடு கோணாது.

மூன்றாவது வருடம் கல்லுமுனை கடைசி இடத்துக்குப் போனது. எட்டு அணிகள் ஆடும் லீக். அடுத்தடுத்து இரண்டு வருடம் கடைசியாக வருகிற அணியைக் கழற்றி விட்டுவிடுவார்கள். இன்னொரு முறை கடைசி என்றால் கல்லுமுனை அணி என்று ஒன்று இருக்காது.

அந்த லீக்கில் ஏலம் கிடையாது. அணிகள் விடுவித்தவர்கள், புதிதாக வந்தவர்கள் எல்லோருடைய பெயரும் ஒரே பட்டியலில் இருக்கும். போன வருடம் கடைசியாக வந்த அணி முதலில் ஒரு பெயரை அழைக்கலாம். பிறகு ஏழாவது, ஆறாவது என்று போகும். அணிக்கு இரண்டு அழைப்பு. ஒரு அணியில் இருபது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கல்லுமுனையில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். ஒருத்தி போலீஸ் வேலை கிடைத்துப் போயிருந்தாள்.

அழைப்பு நாளுக்கு மூன்று நாள் முன்னால் தாசையன் நோட்டோடு வந்தார்.

"எத்தன கோல் வாங்கினோம் அண்ணாச்சி?" என்று டீச்சர் கேட்டார்.

"முப்பத்தொண்ணு. அதுல பத்தொம்பது இடது பக்கம்."

"அங்க யாரு நின்னா?"

"சுனிஜா. அதுக்கு முந்தின வருஷம் வேறொருத்தி. ரெண்டு பேரையும் எடுக்கச் சொன்னது நான்தான்."

இதைச் சொல்லும்போது அவர் தலையைத் தூக்கவில்லை.

"இப்ப என்ன எழுதியிருக்கிய?"

"முதல் அழைப்பு அபிஷா. அந்தப் பட்டியல்ல அவளப் போல லெஃப்ட் பேக் கிடையாது. மத்த ஏழு பேரும் நம்ம வாயத்தான் பாத்துக்கிட்டு இருப்பானுவ. ரெண்டாவது, கோல் அடிக்க ஒருத்தி. இருபதுக்கு மேல போவும். அதனால சுனிஜாவ விட்டிரலாம்."

"அப்ப நமக்கு என்ன தேவைன்னு தெரிஞ்சு போச்சு."

"நோட்டுல இருக்கு டீச்சர்."

"சரி. மூணு நாள் இருக்குல்லா" என்று சொல்லி டீச்சர் விசிலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் பாலிடெக்னிக் பையன்கள் பதினொரு பேரை எதிரே நிறுத்தினார். இந்தப் பக்கம் பத்துப் பேர். லெஃப்ட் பேக் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. சுனிஜாவை வெளியே கூப்பிட்டு, கோட்டுக்கு அப்பால் தாசையன் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

"டீச்சரே, ஒரு ஆளு குறையுது. எண்ணத் தெரியாதா?" என்று பையன்களில் ஒருவன் கத்தினான்.

"எனக்குத் தெரியும். நீ கோல எண்ணு டே."

அவன் எண்ணினான். ஆறு. ஆறும் இடது பக்கம்தான். பாலிடெக்னிக் பையன்கள் அங்கே குடித்தனமே நடத்தினார்கள். தாசையன் ஆறையும் வரைந்துகொண்டு டீச்சரிடம் போனார்.

"சொன்னேன்லா டீச்சர். அந்த இடத்துக்கு ஆளு இல்லாம முடியாது."

"நாளைக்கும் இதேதான்" என்றார் டீச்சர்.

பூட்ஸைக் கழற்றாமலே நின்ற சுனிஜா மெதுவாகக் கேட்டாள்.

"சாரே, என்னைய விட்டிருவியளா?"

தாசையனுக்குப் பொய் வராது. "எழுதியிருக்கு மக்களே" என்றார்.

"ம்." அவள் மைதானத்தையே பார்த்தாள். "அபிஷா நல்லா ஆடுவா."

இரண்டாம் நாள் மூன்று கோல்தான் விழுந்தது. தாசையன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். இடது விங்கில் ஓடுகிற லிட்டி, பந்து தாண்டிப் போனதும் நின்று இடுப்பில் கை வைக்கிறவள், இன்று திரும்பி ஓடி வந்தாள். நடுவில் நிற்கிறவர்கள் சரிந்து வந்தார்கள். கோலுக்கு முன்னால் காவல் நிற்கிற ஸ்டாப்பர் தன் இடத்தை விட்டு எட்டடி நகர்ந்து நின்றாள். ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டார்கள்.

"ஏட்டி, போ! அங்க ஆளு கிடையாதுல்லா!"

"போறேன்ட்டி, கண்ணு தெரியுது!"

சுனிஜா இதையெல்லாம் மழையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"நான் நின்னப்ப ஒருத்தியும் இப்படி வரல்ல சாரே."

குறை சொல்கிற குரல் இல்லை அது. கண்டதைச் சொன்னாள். தாசையன் வரைந்துகொண்டிருந்த பென்சில் நின்றது.

வீட்டுக்குப் போய்க் காப்பியைக்கூடக் குடிக்காமல் நோட்டைப் பிரித்தார். பத்தொன்பது கோல், பத்தொன்பது படம். எல்லாவற்றிலும் ஒரு வட்டம், அதற்குள் சுனிஜாவின் பெயர். பந்துக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள், அதனால் அவள் பெயரை எழுதியிருந்தார். வட்டத்தைச் சுற்றி முப்பது அடி, நாற்பது அடி, வெறும் வெள்ளைத்தாள். முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்த மனிதர். தாளில் எதுவும் இல்லாத இடத்தை அவர் அளந்ததே இல்லை.

மூன்றாம் நாள் பையன்கள் மூச்சு வாங்கினார்கள். "பத்துப் பேருன்னு சொன்னாளுவ, பதிமூணு பேரு நிக்காளுவ டே" என்று ஒருவன் முனகினான். கடைசி ஐந்து நிமிடத்தில்தான் ஒரு கோல் விழுந்தது. அதுவும் இடது பக்கம் இல்லை. காலி இடத்தை அடைக்க நான்கு பேர் ஒரே நேரத்தில் ஓட, நடு மைதானம் திறந்து கிடந்தது. பந்து அந்த வழியாகப் போனது.

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நீ நிப்பேன்னு நெனச்சேன்."

"நான் நீ நிப்பேன்னு."

"யாராவது ஒருத்தி வாயத் திறந்து சொல்லப்பிடாதா?"

தாசையன் அந்தக் கோலை வரையவில்லை. அந்த மூன்று நாளில் முதல்முறையாக டீச்சர் தானாக அவர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு மைக்குல நீங்கதான் கூப்பிடணும் அண்ணாச்சி."

"யார?"

"நின்னு பாத்தது நீங்கல்லா."

மறுநாள் கல்யாண மண்டபத்தில் அழைப்பு. எட்டு அணிக்கும் எட்டு மேசை. தாசையன் சட்டைப் பையில் இரண்டு பெயர் எழுதிய தாள் இருந்தது. மேலே அபிஷா. மேடைக்குக் கூப்பிடும் வரை அவர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர். அதன் எதிரே அவரே தன் கையால் போன மாதம் எழுதிய குறிப்பு.

'கொரட்டி. வயது முப்பத்தாறு. நடு மைதானம். ஓடுவதில்லை. ஓயாமல் கத்துகிறாள்.'

அவள் கத்தியது என்ன என்று தாசையன் யோசித்தார். அவள் பழைய அணியோடு ஆடிய ஆட்டம் நினைவுக்கு வந்தது. 'பின்னால ஆளு', 'நீ நில்லு', 'நீ போ', 'நான் இருக்கேன்'. தொண்ணூறு நிமிடமும் இந்த நான்கைத்தான் அவள் மாற்றி மாற்றிக் கத்தினாள். சுற்றி இருந்தவர்கள் அதன்படி நகர்ந்தார்கள். அன்று அது அவருக்கு இரைச்சலாகக் கேட்டிருந்தது.

"கல்லுமுனை, முதல் அழைப்பு" என்றார்கள்.

தாசையன் மைக் முன்னால் நின்றார். முன் வரிசையில் அணியின் செயலாளர் இருந்தார். 'அபிஷா' என்று சொல்ல அவர் உதடு முன்கூட்டியே திறந்திருந்தது. டீச்சர் கடைசி வரிசையில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். தாசையன் தாளை எடுக்கவில்லை.

"கொரட்டி" என்றார்.

மண்டபத்தில் ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு சிரிப்பு எழுந்தது. ஆழிக்கரை அணிக்கு அந்த வருடம்தான் மேலாளராக வந்திருந்த வேதமாணிக்கம் மேசையில் தட்டிச் சிரித்தார்.

"அண்ணாச்சி, ஆட்டத்துக்கு ஆளு எடுக்கியளா, திருவிழாவுக்கு அறிவிப்பாளர் எடுக்கியளா?"

அடுத்த அழைப்பு ஆழிக்கரையுடையது. வேதமாணிக்கம் ஓடிப்போய் அபிஷாவின் பெயரைச் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமானது.

சுற்று முடிந்து மறுபடியும் கல்லுமுனையைக் கூப்பிட்டார்கள். "இரண்டாவது அழைப்பு?"

"வேண்டாம்."

"என்னது?"

"வேண்டாம். எங்களுக்கு இருபது பேரு ஆச்சு."

செயலாளர் கடைசி வரிசைக்கே வந்துவிட்டார். "டீச்சர், இந்த மனுஷன் என்ன செய்து வச்சிருக்கார் பாத்தியளா?"

"பாத்தேன்" என்றார் டீச்சர். மோரில் கிடந்த கறிவேப்பிலையை எடுத்து ஓரமாகப் போட்டார்.

தாசையன்தான் கொரட்டிக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் கத்தியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எடுக்க ஒருத்தரும் கிடையாதுன்னு நான் இங்க மீன் வெட்டிக்கிட்டு இருக்கேன். விளையாடாதேயும் ஓய்" என்றது குரல். அவர் மூன்று முறை சொன்ன பிறகுதான் நம்பினாள். நம்பியதும் அழுதாள். அழுகையும் சத்தமாகத்தான் இருந்தது.

முதல் ஆட்டத்தில் கல்லுமுனை தோற்றது. செயலாளர் தாசையனோடு பேசுவதை நிறுத்தினார். இரண்டாவது ஆட்டம் சமம். மூன்றாவதில் ஜெயித்தார்கள். அதன் பிறகு ஜெயிப்பது ஒரு பழக்கம் போல ஆகிவிட்டது.

கொரட்டி ஓடவில்லை. நடுவில் நின்று கையை நீட்டினாள், கத்தினாள். "லிட்டி, திரும்பு! சுனிஜா, நீ நில்லு, அவ வாறா! இப்பப் போ! போ மக்களே, பின்னால நான் இருக்கேன்!" சுனிஜா போனாள். போன வருடம் முழுக்க அந்தக் கோட்டை விட்டு நகரப் பயந்தவள், எதிரி கோல் வரை ஓடினாள். கோல் அடிக்கத் தனியாக ஒரு ஆள் தேவைப்படவில்லை. பந்து போய்ச் சேர்ந்தது, யார் காலில் விழுந்ததோ அவள் அடித்தாள். ஆறாவது ஆட்டத்துக்குள் கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களும் கொரட்டியோடு சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். "சுனிஜா, இப்பப் போ!" என்று மூவாயிரம் பேர் சொன்னால் எந்தப் பெண் நிற்பாள்?

கடைசி ஆட்டம் ஆழிக்கரையோடு. இரண்டு அணிக்கும் ஒரே புள்ளி. ஜெயித்தால் கோப்பை.

எண்பத்தெட்டாவது நிமிடம் வரை கோல் இல்லை. அபிஷா தன் பக்கத்தில் இருந்து பாய்ந்து வந்தாள். ஆழிக்கரையில் அவள் எல்லா இடத்துக்கும் தனியாகவே ஓட வேண்டியிருந்தது. களைத்திருந்தாள், ஆனாலும் அழகாக வந்தாள். அவள் மைதானத்தைக் குறுக்காகக் கடத்திய பந்தை ஆழிக்கரையின் வலது விங்கில் ஓடுகிறவள் வாங்கிக்கொண்டு சுனிஜாவின் எதிரே வந்தாள். சுனிஜா நின்றாள். இடது பக்கம் லிட்டி வந்துவிட்டாள். பின்னால் ஸ்டாப்பர் எட்டடி நகர்ந்துவிட்டாள். நடுவை யாரும் விடவில்லை. பந்து போக வழியே இல்லை. சுனிஜா காலை நீட்டி, தன் பொருளைத் தான் எடுப்பது போல எடுத்தாள்.

கொரட்டி சொல்வதற்கு முன்னாலேயே கேலரி சொல்லிவிட்டது. சுனிஜா ஓடினாள். எதிர்ப் பக்கத்தில் அபிஷா விட்டு வந்த இடம் திறந்து கிடந்தது. கோட்டோரமாக இருநூறு அடி ஓடி அவள் அந்தப் பக்கம் திருப்பிய பந்தை, கூடவே ஓடி வந்த லிட்டி நெஞ்சில் வாங்கி, தரையில் விழுமுன் அடித்தாள்.

வலை அசைந்தது. தாசையன் எழுந்து நின்றார். நோட்டு கீழே விழுந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் குதித்தார். அறுபத்து மூன்று வயது மனிதர் அவ்வளவு உயரம் குதித்ததை அந்த ஊர் பார்த்ததில்லை. செயலாளர் அவரைக் கட்டிப் பிடித்து, "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி!" என்று காதில் கத்தினார்.

கோப்பையைச் சுற்றி வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது வேதமாணிக்கம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தாசையனுக்குக் கை கொடுத்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"வயிறு எரியுது டீச்சர். ஆனாலும் கேக்காம போவ முடியல்ல. அந்த லெஃப்ட் பேக் பிள்ள யாரு? பட்டியல நான் தலைகீழா படிச்சவன், அந்தப் பேரே அதுல கிடையாது. எப்ப எடுத்திய அவள?"

தாசையன் மிதிபட்ட நோட்டைத் துடைத்தார்.

டீச்சர் சொன்னார்:

"எடுக்கல்ல. விடல்ல."